அக்காவுக்கு மெடுல்லரி தைராய்டு கேன்சர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, அடுத்து அயோடின் சிகிச்சைதானா?

காவேரிப்பட்டணத்தான் | 9 ஜனவரி, இரவு 10.40

வணக்கம். இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. அக்காவுக்கு வயது 38. கழுத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி, இரண்டு வருடமாக இருந்தது. தைராய்டு டெஸ்ட் எடுத்த ஒவ்வொரு முறையும் டிஎஸ்ஹெச் (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்) நார்மல், அதனால் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அக்காவும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்குப் பிறகு கட்டி பெரிதானது போலத் தெரியவும் ஸ்கேன் எடுத்து ஊசி டெஸ்ட்டும் எடுத்தோம். 'ஃபாலிகுலர் நியோபிளாசம், பெதஸ்டா 4' என்று வந்தது, கேன்சரா இல்லையா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற சந்தேக ரகமாம். டிசம்பர் கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் இடது பாதியை மட்டும் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் என்று சொன்ன ஆபரேஷன் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனது. நடுவில் பிரஷர் எகிறிவிட்டதாம், ஐசியூவில் ஒரு நாள் வைத்திருந்தார்கள். பயத்தில் ஏறியிருக்கும் என்றார்கள்.

நேற்று பயாப்சி ரிப்போர்ட் வந்தது. 'மெடுல்லரி கார்சினோமா, 2.6 செ.மீ.' மிச்சப் பாதியையும் எடுத்துவிட்டு அயோடின் மருந்து குடித்தால் சரியாகிவிடும் என்று சொந்தத்தில் ஒருவர் சொல்கிறார். அந்த அயோடின் எங்கே கொடுப்பார்கள்? பெங்களூரா, சேலமா? எவ்வளவு ஆகும்?

ஓசூர்_ரோஜா | 9 ஜனவரி, இரவு 11.15

தம்பி, பயப்படாதீங்க. எனக்கும் தைராய்டு கேன்சர்தான், ஆறு வருடம் ஆகிறது, நன்றாக இருக்கிறேன். முழுத் தைராய்டையும் எடுத்து, பெங்களூர் கிட்வாய் கேன்சர் ஆஸ்பத்திரியில் அயோடின் கொடுத்தார்கள். தனி அறையில் மூன்று நாள், சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் இரண்டு வாரம் சாதாரண உப்பு, மீன், முட்டை எதுவும் கூடாது, அந்த உப்பில்லாத களியை நினைத்தால்தான் இன்னும் வாய் கசக்கிறது. கேன்சரிலேயே நல்ல கேன்சர் இதுதான் என்று என் டாக்டர் சொன்னார்.

நெல்லிக்கனி | 10 ஜனவரி, காலை 6.05

நைட் டியூட்டி முடித்துவிட்டு எழுதுகிறேன், நீளமாகப் போகும். நான் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், சொந்த ஊர் தர்மபுரி. உங்கள் அக்காவை நேரில் பார்த்தவள் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ரோஜா அக்காவுக்கு வந்தது அநேகமாக பாப்பில்லரி வகை. தைராய்டு கேன்சரில் பத்துக்கு எட்டு அதுதான். அயோடினை உறிஞ்சி ஹார்மோன் தயாரிக்கிற செல்களில் வருவதால், கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அந்தச் செல்களே அதை இழுத்துக்கொண்டு அழிகின்றன. மெடுல்லரி அப்படி இல்லை. தைராய்டுக்குள் ஆங்காங்கே குடியிருக்கும் சி செல் என்ற வேறு வகைச் செல்லில் பிறப்பது. அதன் வேலை கால்சிடோனின் சுரப்பது, அயோடினோடு அதற்குக் கொடுக்கல் வாங்கலே கிடையாது. ஆகவே அயோடின் குடித்தால் இதற்குப் பயன் இல்லை. நூறு தைராய்டு கேன்சரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இது வரும், அதனால் சொந்தக்காரர் தெரியாமல் சொன்னதில் ஆச்சரியமில்லை. இதைத் தனி வியாதி என்று பிரித்து எழுதியதே 1959இல்தான்.

ஊசி டெஸ்டில் தப்பியதற்காகவும் யார் மேலும் கோபப்பட வேண்டாம். மெடுல்லரியின் செல்கள் பல வேஷம் போடும், ஊசி டெஸ்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் சரியான பெயர் வருகிறது. ரத்தத்தில் கால்சிடோனின் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். கழுத்தில் கட்டி உள்ள எல்லாருக்கும் அதைப் பார்க்க வேண்டுமா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, ஐரோப்பாவில் பார்க்கச் சொல்பவர்கள் அதிகம், அமெரிக்க தைராய்டு சங்கம் 2015இல் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் கட்சி என்னவென்றால், கத்தி வைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம், ஒரு ரத்தக் குழாய்தானே.

இப்போது நான் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. "நடுவில் பிரஷர் எகிறிவிட்டது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான்கு கேள்விகள். அக்காவுக்குத் திடீர் திடீரென்று தலைவலி, வியர்வை, படபடப்பு வருமா? அடிக்கடி பேதி ஆகுமா? குடும்பத்தில் வேறு யாருக்காவது கழுத்துக் கட்டி, சின்ன வயதிலேயே பிரஷர், அல்லது ஆபரேஷன் டேபிளில் மரணம் உண்டா? இப்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?

காவேரிப்பட்டணத்தான் | 10 ஜனவரி, இரவு 9.30

மேடம், கடையைச் சாத்திவிட்டு வந்து இதைப் படித்ததும் கை நடுங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம்தான் பதில்.

தலைவலியும் வியர்வையும் நான்கைந்து வருடமாக. பத்து நிமிஷம் முகமெல்லாம் வெளுத்து வேர்த்துக் கொட்டும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். பித்தம் என்று சொல்லி எலுமிச்சம்பழம் பிழிந்து குடிப்பாள். படபடப்புக்கு ஒரு டாக்டர் புரோப்ரானலால் எழுதிக் கொடுத்து இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறாள். பேதியும் உண்டு, வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம்.

அம்மா 44 வயதில் போனாங்க. கர்ப்பப்பை ஆபரேஷன், நடுவிலேயே பிரஷர் ஏறி மூளையில் ரத்தக் கசிவு. எனக்கு அப்போது 9 வயது. அம்மாவுக்கும் கழுத்தில் கட்டி இருந்தது, கல்யாண போட்டோவில் அட்டிகைக்கு மேலே தெரியும். இன்று மத்தியானம் அந்த போட்டோவை எடுத்துப் பார்த்தேன்.

நெல்லிக்கனி | 10 ஜனவரி, இரவு 10.10

பதற்றப்படாமல் படியுங்கள். மெடுல்லரியில் நாலில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது, ரெட் என்ற ஜீனில் பிறவியிலேயே உள்ள மாற்றத்தால். அந்தக் குடும்பங்களில் தைராய்டோடு சேர்ந்து சிறுநீரகத்துக்கு மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டி வரலாம், ஃபியோக்ரோமோசைட்டோமா என்பார்கள், நாங்கள் ஃபியோ என்போம். அது அட்ரினலினை மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பிரஷரை ஏற்றும், அதுவும் மயக்க மருந்தின்போதும் ஆபரேஷனின்போதும் சொல்லவே வேண்டாம். ஜான் சிப்பிள் என்ற அமெரிக்க மருத்துவர் இறந்துபோன ஒருவரின் உடலில் இரண்டு பக்க அட்ரினல் கட்டியும் தைராய்டு கேன்சரும் சேர்ந்து இருந்ததைப் பார்த்து 1961இல் எழுதினார், இரண்டையும் இணைத்துப் பேசத் தொடங்கியது அதிலிருந்துதான். உங்கள் அம்மாவுக்கு நடந்ததும் அதுவா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அக்காவைப் பார்க்கப்போகும் டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அதுதான், பயாப்சி ரிப்போர்ட்கூட இரண்டாவதுதான்.

ஃபியோ இல்லை என்று தெரியும்வரை மிச்சத் தைராய்டுக்குத் தேதி குறிக்கவே கூடாது. 24 மணி நேரச் சிறுநீரில் அல்லது ரத்தத்தில் மெட்டாநெஃப்ரின் (அட்ரினலின் சிதைந்து உண்டாகும் பொருள்) பார்க்க வேண்டும். இருந்தால் அட்ரினல் ஆபரேஷன் முதலில், தைராய்டு அப்புறம். அட்ரினலுக்கு முன்னாலும் பத்துப் பதினைந்து நாள் பிரசோசின் போன்ற ஆல்ஃபா பிளாக்கர் கொடுத்து ரத்தக்குழாய்களைத் தளர்த்துவார்கள். இந்தப் புரோப்ரானலால் இருக்கிறதே, ஃபியோ உள்ளவர்களுக்கு ஆல்ஃபா பிளாக்கர் இல்லாமல் அதைத் தனியாகக் கொடுத்தால் பிரஷர் இன்னும் ஏறும். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே போவது என்றால், எண்டோக்ரைன் சர்ஜரி என்று தனித் துறை இருக்கும் இடம். உங்களுக்கு வேலூர் சிஎம்சி பக்கம். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் அந்தத் துறை இருக்கிறது.

பாலக்கோடு_தக்காளி | 11 ஜனவரி, காலை 8.20

கட்டியில் கத்தி பட்டால்தான் பரவும், பாதியை வெட்டியது முதல் தப்பு. நம் மாவட்டத் தண்ணீரில் ஃப்ளோரைடு, அதுதான் இத்தனை தைராய்டுக்கும் காரணம், அதை எந்த டாக்டரும் சொல்ல மாட்டான். எனக்குத் தெரிந்த வைத்தியர் மந்தாரைப் பட்டைக் கஷாயத்தில் எத்தனையோ கழுத்துக் கட்டியைக் கரைத்திருக்கிறார். சொந்தத்தில் கட்டினால் வருகிற வியாதியும் இது. ஜீன் டெஸ்ட் என்று காசு பிடுங்குவார்கள், அவ்வளவுதான்.

லேப்காரன் | 11 ஜனவரி, காலை 9.00

தக்காளி அண்ணா, நான் தர்மபுரியில்தான் லேப் வைத்திருக்கிறேன், எனக்கே பல்லில் பழுப்புக் கறை உண்டு, சிரித்தால் எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்ததே அதனால்தான். ஆனால் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே இடத்தில் கட்டி வந்த கதைக்குத் தண்ணீரை இழுக்காதீர்கள், அதே தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது. கஷாயத்துக்குக் கரைந்த கட்டி நீர்க்கட்டியாக இருக்கும், அது சும்மா இருந்தாலே சில சமயம் வற்றிவிடும்.

காவேரிப்பட்டணம் தம்பிக்கு இரண்டு விஷயம். ஆபரேஷன் நடந்த இடத்திலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது, பயாப்சி பண்ணின லேபில் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் அக்காவின் சதை, கேட்க உரிமை உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் திரும்பப் பார்த்துக் கால்சிடோனின் சாயம் போட்டு உறுதி செய்வார்கள். இரண்டாவது, கால்சிடோனின் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்தால் ஐஸில் வைத்துச் சீக்கிரம் சீரம் பிரித்து உறைய வைக்க வேண்டும், வெளியே கிடந்தால் அளவு குறைந்துவிடும். கலெக்‌ஷன் பையனின் பைக் பெட்டியில் மத்தியானம் வரைக்கும் சுற்றிய சாம்பிள் என்றால் அந்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். இதை என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன். கேஸ் மாத்திரை தினமும் சாப்பிடுபவர் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகளால் கால்சிடோனின் கொஞ்சம் ஏறும்.

24 மணி நேரச் சிறுநீர் என்றால் காலையில் முதலில் போவதைக் கீழே விட்டுவிட்டு, அதிலிருந்து மறுநாள் அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடிக்க வேண்டும். கேனில் ஆசிட் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள், அதைக் கழுவிவிட்டு வந்த புண்ணியவான்கள் உண்டு.

நெல்லிக்கனி | 11 ஜனவரி, மாலை 4.45

சொந்தத்தில் கட்டியதால் வருவதில்லை இது. அப்படி வருகிற வியாதிகளுக்கு அப்பா பக்கம் ஒன்று, அம்மா பக்கம் ஒன்று என இரண்டு கெட்ட ஜீன் சேர வேண்டும். ரெட்டில் ஒரு பக்கத்துக் கெட்ட ஜீன் ஒன்றே போதும். ஒருவருக்கு இருந்தால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, அத்தை பையனைக் கட்டினாலும் அமெரிக்காக்காரனைக் கட்டினாலும் கணக்கு அதேதான்.

காவேரிப்பட்டணத்தான் | 11 ஜனவரி, இரவு 10.00

மேடம், ஒரு விஷயம் நான் சொல்லவில்லை. அக்காவைக் கட்டியிருப்பது எங்கள் தாய்மாமன். அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. பையனுக்கு 13, பொண்ணுக்கு 8.

நெல்லிக்கனி | 11 ஜனவரி, இரவு 10.25

அப்படியானால் கணக்கு மாறுகிறது. அம்மாவுக்கு அது தாத்தா பாட்டி யாரிடமிருந்தாவது வந்திருந்தால், மாமாவுக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அக்காவுக்கும் இருந்து மாமாவுக்கும் இருந்தால் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் வரலாம், அப்போது நாலில் மூன்று பங்கு வாய்ப்பு. ஆகவே மாமாவையும் சேர்த்துப் பாருங்கள். முதலில் அக்காவுக்கு மட்டும் ஜீன் டெஸ்ட் எடுங்கள், அவருக்கு எந்த இடத்தில் மாற்றம் என்று தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்த ஒரு இடத்தைப் பார்த்தால் போதும், செலவு குறைவு. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன் தம்பி.

பென்னாகரம்_பஸ் | 16 ஜனவரி, காலை 7.10

பொங்கல் வைக்கவில்லை இந்த வருடம். இழைக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு 71. முப்பது வருடமாகக் கழுத்தில் கழலை, மாங்காய் தொங்குகிற மாதிரி இருக்கும், அவரும் கவலைப்பட்டதில்லை, நாங்களும் இல்லை. மார்கழி பிறந்ததிலிருந்து அது தினம் தினம் வளர்கிறது, மிகைப்படுத்தவில்லை, சட்டைக் காலர் பட்டன் ஒரு வாரத்தில் போட முடியாமல் போனது. குரல் கம்மிவிட்டது. களி இறங்கவில்லை, கஞ்சிதான். மல்லாந்து படுத்தால் மூச்சு இரைக்கிறது. பொங்கல் லீவு, ஸ்கேன் சென்டரில் திங்கட்கிழமை வரச் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

நெல்லிக்கனி | 16 ஜனவரி, காலை 7.25

காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே, இப்போதே மருத்துவக் கல்லூரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். படுத்தால் மூச்சு இரைக்கிறது என்றால் மூச்சுக்குழாயை அழுத்துகிறது. உட்கார வைத்தே கூட்டிப் போங்கள், படுக்க வைக்க வேண்டாம்.

அங்கே போனதும் மெல்லிய ஊசி போதாமல் தடித்த ஊசியில் சதைத் துணுக்கு எடுக்கச் சொல்லலாம். இவ்வளவு வேகமாக வளர்வதில் முக்கியமாக இரண்டு உண்டு. ஒன்று அனாபிளாஸ்டிக் என்ற தைராய்டு கேன்சர், அது ரொம்ப மோசமானது, பொய் சொல்ல விரும்பவில்லை. இன்னொன்று தைராய்டு லிம்ஃபோமா, வெள்ளை அணுக்களில் வரும் கேன்சர். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், வைத்தியம் தலைகீழ்.

ஊத்தங்கரை_டீச்சர் | 16 ஜனவரி, காலை 11.00

என் அம்மாவுக்கு அந்த இரண்டாவது வகை. 68 வயதில், மூன்று வாரத்தில் கழுத்து முழுக்க வீங்கிவிட்டது. எத்தனையோ வருடமாக ஹாஷிமோட்டோ தைராய்டு (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவது) இருந்தது அவர்களுக்கு, அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வருமாம். ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்று ஒருவர் தேதியே கொடுத்துவிட்டார், நல்லவேளை வேறொரு டாக்டர் சதை எடுத்துப் பார்க்காமல் தொடக் கூடாது என்றார். லிம்ஃபோமா என்று வந்தது. கீமோதான், கத்தியே படவில்லை. முதல் ஊசி போட்ட ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்ததை என் கண்ணால் பார்த்தேன். நான்கு வருடம் ஆகிறது, நேற்று பொங்கலுக்கு அவர்கள்தான் கோலம் போட்டார்கள். உங்கள் அப்பாவுக்கும் அதுவாக இருக்கட்டும்.

பென்னாகரம்_பஸ் | 24 ஜனவரி, இரவு 8.50

அதுவாக இல்லை டீச்சர். அனாபிளாஸ்டிக். நாலாம் ஸ்டேஜ் என்கிறார்கள், எப்படி ஒரே மாதத்தில் நாலாம் ஸ்டேஜ் என்று கேட்டால், இந்த வகையில் கண்டுபிடிக்கும்போதே எல்லாமே நாலாம் ஸ்டேஜ்தானாம், ஒன்று இரண்டு மூன்று என்பதே கிடையாதாம். பிராஃப் என்று ஒரு டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். அப்பா வேண்டாம் என்று கையை ஆட்டுகிறார்.

நெல்லிக்கனி | 24 ஜனவரி, இரவு 11.30

பிராஃப் ஜீனில் அந்த மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்று இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள், 2018இல் அமெரிக்காவில் இதற்கென்றே அனுமதி வந்தது, சிலருக்குக் கட்டி வேகமாகச் சுருங்கும். விலை எட்டாத உயரம், உதவித் திட்டம் ஏதாவது உண்டா என்று கேன்சர் டாக்டரிடம் கேளுங்கள். மாற்றம் இல்லை என்றால் கதிர்வீச்சு, வலி மருந்து.

குழாய் விஷயத்தில் என் அபிப்பிராயம் கேட்டால், மூச்சு முட்டும் நிலை வருவதற்கு முன்னால் அப்பாவிடம் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்த ராத்திரியில் மூன்று மகன்கள் ஆளுக்கொன்று சொல்லி அடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர் தெளிவாக இருக்கும்போது வேண்டாம் என்று சொன்னால், அதை எழுதி வாங்கி கேஸ் ஷீட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணத்தான் | 2 பிப்ரவரி, இரவு 9.15

பென்னாகரம் அண்ணா, அப்பா எப்படி இருக்கிறார்?

எங்கள் பக்கம்: வேலூர் போனோம். போகிறவர்களுக்கு ஒன்று, ஊருக்குள் இருக்கும் பழைய வளாகமும் ராணிப்பேட்டை வளாகமும் வேறு வேறு, அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த இடம் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், நாங்கள் தப்பான இடத்தில் இறங்கி ஆட்டோவுக்கு அழுதோம். அம்மா கதையைச் சொன்னதும் அந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

மெட்டாநெஃப்ரின் பல மடங்கு அதிகம். சிடியில் இடது அட்ரினலில் 3.1 செ.மீ. கட்டி. கால்சிடோனின் 1180, பத்துக்குள் இருக்க வேண்டியது, அதுவும் பாதித் தைராய்டை எடுத்த பிறகு. சிஇஏ என்று இந்தக் கேன்சருக்குப் பார்க்கும் இன்னொரு ரத்த டெஸ்ட் 22. கால்சிடோனின் ஐநூறுக்கு மேல் போனால் கேன்சர் வேறு எங்காவது போயிருக்கிறதா என்று பார்த்துவிடுவார்களாம், நெஞ்சு, ஈரல் எல்லாம் ஸ்கேன் எடுத்தார்கள். இப்போதைக்குக் கழுத்துக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. கழுத்தில் வலது பக்கம் இரண்டு நெறி (நிணநீர் முடிச்சு) தெரிகிறது. புரோப்ரானலாலை நிறுத்திப் பிரசோசின் ஆரம்பித்திருக்கிறார்கள். எழுந்தால் தலை சுற்றுகிறது, உப்பும் தண்ணீரும் நிறையச் சாப்பிடச் சொன்னார்கள், பிரஷர்காரிக்கு உப்பா என்று மாமா சண்டைக்குப் போய்விட்டார், அப்புறம் அவர்களே உட்கார வைத்து விளக்கினார்கள். ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம்.

ஊத்தங்கரை_டீச்சர் | 3 பிப்ரவரி, மாலை 6.00

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000க்குள் என்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் போய் எடுக்கலாம், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். எந்த ஆஸ்பத்திரியில் எந்த ஆபரேஷனுக்குச் செல்லும் என்று அட்டையோடு நேரில் கேட்டுக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பிப் போக வேண்டாம்.

பென்னாகரம்_பஸ் | 27 பிப்ரவரி, காலை 5.30

அப்பா நேற்றிரவு போய்விட்டார். வீட்டில்தான். பிராஃப் இல்லை என்று வந்தது, ரேடியேஷன் ஆறு நாள் கொடுத்தோம், அதற்கு மேல் அவர் வர மறுத்துவிட்டார். குழாய் வைக்கவில்லை. அதை அவரே தம்பிகள் முன்னால் சைகையில் சொல்லிக் கையெழுத்தும் போட்டதால் இன்று யாரும் என்னைக் கேட்கவில்லை. முப்பது வருடமாக இருந்த கழலை. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

ஓசூர்_ரோஜா | 27 பிப்ரவரி, காலை 9.00

அண்ணா... என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முதல் பதிவிலேயே நல்ல கேன்சர் என்று எழுதியது நான்தான். அதை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், நேரம் தாண்டிவிட்டது, எடுக்க முடியவில்லை.

காவேரிப்பட்டணத்தான் | 9 மார்ச், இரவு 10.10

பென்னாகரம் அண்ணாவின் வீட்டுக்குப் போய் வந்தேன். இங்கே பேசினது தவிர முன்பின் பார்த்ததில்லை.

அக்காவுக்கு அட்ரினல் பிப்ரவரி 8இல், வயிற்றில் நான்கு ஓட்டை போட்டு எடுத்தார்கள். அதைத் தொட்டபோது பிரஷர் ஏறி இறங்கியதாம், ஆனால் தயாராக இருந்தார்கள். தைராய்டு 26ஆம் தேதி, மிச்சப் பாதி, நடுக் கழுத்து நெறி, வலது பக்க நெறி எல்லாம் சேர்த்து. முடிந்து இரண்டாம் நாள் உதடும் விரல் நுனியும் மரத்துப்போனது, கால்சியம் இறங்கியிருக்கிறது, இப்போது கால்சியம் மாத்திரை ஓடுகிறது. தைராக்ஸின் வாழ்நாள் முழுக்க. ரோஜா அக்கா, உங்கள் வகைக்கு டிஎஸ்ஹெச்சை அடிமட்டத்தில் வைப்பார்களாமே, இவளுக்கு அது தேவையில்லையாம், சாதாரண அளவில் இருந்தால் போதும், சி செல் டிஎஸ்ஹெச் பேச்சைக் கேட்காதாம்.

ஜீன் ரிப்போர்ட்: அக்காவுக்கு ரெட் ஜீனில் 634ஆம் இடத்தில் மாற்றம். மாமாவுக்கு இல்லை. பையனுக்கு இல்லை. பொண்ணுக்கு இருக்கிறது.

எட்டு வயதுக் குழந்தை. ஒன்றும் இல்லை அவளுக்கு, கட்டி இல்லை, ஓடி விளையாடுகிறாள். தைராய்டை எடுக்க வேண்டும் என்கிறார்கள். மாமா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. வயதுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், கழுத்தில் தழும்போடு யார் கட்டுவார்கள் என்று இப்போதே பேச்சு.

நெல்லிக்கனி | 10 மார்ச், காலை 6.40

634க்கு ஐந்து வயதுக்குள் எடுத்துவிடச் சொல்கிறார்கள். எட்டு என்பதே தாமதம், இன்னும் தள்ள வேண்டாம். இந்த மாற்றம் இருப்பவர்களில் மெடுல்லரி வராமல் தப்புகிறவர்கள் இல்லை என்றே சொல்லலாம், எப்போது என்பதுதான் கேள்வி. கேன்சர் ஆவதற்கு முன்னாலேயே உறுப்பை எடுத்துத் தடுக்க முடிகிற வியாதி உலகத்திலேயே கைவிரல் எண்ணிக்கைதான், ரெட் ஜீனுக்கும் இதற்கும் உள்ள தொடர்பு தெரிந்ததே 1993இல், உங்கள் அம்மாவுக்குக் கழுத்துக் கட்டி வந்த காலத்தில் இந்த டெஸ்ட் யாருக்கும் கிடையாது. குழந்தைகளுக்குச் செய்து பழகிய கையாகப் பாருங்கள், கால்சியம் சுரப்பிகளைக் காப்பாற்றுவது சின்னக் கழுத்தில் கஷ்டம். அட்ரினலுக்கு 11 வயதிலிருந்து வருடா வருடம் டெஸ்ட்.

தழும்பு இரண்டு வருடத்தில் கழுத்து மடிப்போடு மடிப்பாகப் போய்விடும். மாமாவிடம் சொல்லுங்கள், அட்டிகை அதை மறைக்கும்.

உங்கள் ரிப்போர்ட் எங்கே தம்பி? எல்லாருடையதும் எழுதினீர்கள்.

பாலக்கோடு_தக்காளி | 10 மார்ச், காலை 8.15

நான் முன்னால் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி. என் மச்சினிக்குக் கழுத்தில் கட்டி, ஒரு வருடமாகக் கஷாயம்தான். எந்த டெஸ்ட் எடுக்கச் சொல்ல வேண்டும்?

லேப்காரன் | 10 மார்ச், காலை 8.40

டிஎஸ்ஹெச், கழுத்து ஸ்கேன், ஸ்கேன் பார்த்துத் தேவைப்பட்டால் ஊசி டெஸ்ட். கால்சிடோனின் வேண்டும் என்றால் காலையில் நேராக லேபுக்கே கூட்டி வாருங்கள், இங்கேயே எடுத்து இங்கேயே பிரித்துவிடுகிறேன்.

காவேரிப்பட்டணத்தான் | 28 மே, இரவு 11.50

பள்ளிக்கூட லீவில் பொண்ணுக்கு ஆபரேஷன் முடிந்தது, மே 12. கட்டி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள், ஆனால் மைக்ராஸ்கோப்பில் 2 மில்லிமீட்டரில் ஒன்று ஆரம்பித்திருந்தது. நெறியில் இல்லை. ஐஸ்கிரீம் சாப்பிட்டே ஒரு வாரம் ஓட்டினாள். அக்காவுக்கு மூன்று மாதம் கழித்துப் பார்த்த கால்சிடோனின் 18. பூஜ்யத்துக்கு வரவில்லை, ஆனால் 150க்குக் கீழே இருக்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தமும் கழுத்து ஸ்கேனும் போதும் என்கிறார்கள். எண் இரட்டிப்பாக எத்தனை மாதம் எடுக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்களாம், ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் மோசம், இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தால் நல்லது. ஒருவேளை ஏறினாலும் செல்பெர்காட்டினிப் என்று ரெட் ஜீனுக்கே குறிவைத்த மாத்திரை 2020இலிருந்து இருக்கிறது. மாதம் லட்சக்கணக்கில் ஆகும் என்கிறார்கள், அது வரும்போது பார்ப்போம்.

மேடம் கேட்ட கேள்விக்கு இரண்டரை மாதமாகப் பதில் சொல்லாமல் இருந்தேன். எனக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. டெஸ்டுக்கு ரத்தமே கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டதாக வீட்டில் பொய் சொன்னேன். பொண்ணை ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப் போகும்போது "மாமா, உனக்கும் இதே டாக்டரா" என்று கேட்டாள். மறுநாள் கொடுத்தேன். எனக்கும் 634. கால்சிடோனின் 46, வலது பக்கம் 6 மில்லிமீட்டரில் ஒரு கட்டி, மெட்டாநெஃப்ரின் நார்மல்.

பெண் வீட்டில் நேரில் போய்ச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாதி வாய்ப்பு என்பதையும் சேர்த்து. காபி கொடுத்தார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பத்து நாள் ஆகிறது.

ஜூன் 16 ஆபரேஷன். அக்கா பிரசோசின் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று பேசிக்கொண்டிருக்கிறாள், ஆனால் கூட வந்து தங்கும் அளவுக்கு அவளுக்கு உடம்பு இன்னும் தேறவில்லை, மாமாவுக்குப் பொண்ணோடு இருக்க வேண்டும்.

பென்னாகரம்_பஸ் | 29 மே, காலை 5.15

15ஆம் தேதி காலை கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இருக்கிறேன். எத்தனை நாள் என்று மட்டும் சொல், டிப்போவில் லீவு எழுதிக் கொடுக்க வேண்டும்.